வோல்ட்டும் ஆம்பியரும்

ஒரு மின்கருவியின் முனைகளுக்கிடையே நிற்கும் மின்னழுத்தத்தையும் அதனூடே செல்லும் மின்னோட்டத்தையும் அளந்துகொண்டால், கண்ணுக்குப் புலப்படாத மற்ற இரு விஷயங்களும், அதாவது அதன் கம்பி காட்டும் தடையும் அது நொடிதோறும் செலவிடும் சக்தியும், ஒரு வகுத்தலிலும் ஒரு பெருக்கலிலும் கைக்கு வந்துவிடுகின்றன. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட்.

இந்தச் சூத்திரம் சுலபமாகக் கிடைத்ததன்று. பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மைந்தராகப் பிறந்து, ஜெர்மனியின் கொலோன் நகரப் பள்ளியொன்றில் கணிதமும் பௌதிகமும் போதித்துவந்த கெயோர்க் சைமன் ஓம், 1820களில் இந்த ஆராய்ச்சியில் இறங்கியபோது, அக்காலத்து மின்கலங்கள் வேலை செய்யச் செய்ய வலுக்குன்றியமையால், எந்த அளவையும் நம்பிக் குறித்துக்கொள்ள இயலவில்லை. ஆகவே அவர், தாமிரமும் பிஸ்மத்தும் சந்திக்கும் முனைகளில் ஒன்றைக் கொதிநீரின் சூட்டிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியின் குளிரிலும் வைத்து, அந்த உஷ்ண பேதத்தில் பிறக்கும் நிலையான மின்னழுத்தத்தைக் கைக்கொண்டு, வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்து, விலகிய காந்த ஊசியை மீண்டும் நேர்நிறுத்த அதன் தொங்கிழையை எவ்வளவு முறுக்கவேண்டியிருந்தது என்று பொறுமையோடு பதிவுசெய்தார். 1827இல் அவர் வெளியிட்ட நூலைச் சொந்த நாட்டார் ஆதரவோடு வரவேற்கவில்லை. 1841இல்தான் லண்டன் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் அவரைத் தேடிவந்தது. கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது என்று இங்கிலாந்தில் ஜூல் என்ற விஞ்ஞானி வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் இழுக்கும் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். வகுத்தால் தடை ஏறக்குறைய 53 ஓம். பெருக்கினால் 1000 வாட். மாலையில் அழுத்தம் 184 வோல்ட்டாக இறங்கினால், தடை மாறாதிருக்க, ஓட்டமும் உடன் குன்றி, சக்தி 640 வாட்டாகிவிடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு அழுத்தம் போனதற்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வெப்பம் போய்விட்டது. மின்விசிறி முதலிய சுழலும் கருவிகளுக்கு இந்தப் பெருக்கல் சற்றுத் திருத்தம் வேண்டுவது. சூடேற்றும் கருவிகளுக்கு அப்படியே பொருந்தும்.

தடை மிகுந்தால் வெப்பமும் மிகும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரே அழுத்தத்தில் இயங்கும் வீட்டுக் கருவிகளில் உண்மை இதற்கு நேர்மாறானது. எரிந்துகொண்டிருக்கும் 60 வாட் பல்பின் தடை 880 ஓமுக்குச் சமீபம். 2000 வாட் கீசரின் தடையோ 26 ஓம் சொச்சமே. ஆனால் பிழையான இடத்தில் புகுந்த சிறு தடை அபாயகரமானது என்பதையும் இதே கணக்கு காட்டுகிறது. கீசரின் பிளக்கில் திருகு தளர்ந்து, பித்தளை கறுத்து, அங்கே ஒரு ஓம் தடை சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 8.7 ஆம்பியராக இருந்த ஓட்டம் 8.4க்கு இறங்குகிறது. 8.4ஐ 8.4ஆல் பெருக்கி, அந்த ஒரு ஓமாலும் பெருக்கினால், உள்ளங்கையில் அடங்கும் பிளக்குக்குள் 70 வாட் வெப்பம் ஓயாமல் எழுகிறது என்று தெரிகிறது. குளியலறையில் பிளாஸ்டிக் கருகும் வாடை வருவது இதனால்தான். பியூஸும் காப்பாற்ற வராது, ஏனெனில் அது காத்துநிற்பது மிகையான ஓட்டத்துக்காக, இங்கே ஓட்டமோ குறைந்திருக்கிறது.