அந்தப் பெரிய பிரின்டரை வாங்கலாமா?

கடந்த பங்குனி மாதத்தில் எமது பகுதி மாதர் சங்கத் தலைவி என்னைக் கூப்பிட்டனுப்பினார். கொழும்பில் ஒரு ஸ்ரூடியோக்காரர் தனது பெரிய போட்டோ பிரின்டரை விற்கிறாராம். சங்கத்தின் சுழற்சி நிதியில் அதை வாங்க ஐந்து பேர் விரும்புகிறார்கள். "பிள்ளை, நீங்கள் ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ" என்றார். நான் படித்தது சமூகவியல். பிரின்டரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் அந்த நிதி கோழி வளர்த்தும் தையல் தைத்தும் சேர்த்த காசு என்பது தெரியும். ஆகவே இரண்டு கிழமை விசாரித்தும் வாசித்தும் கொஞ்சம் கற்றுக்கொண்டு புறப்பட்டேன்.

இது வீண் ஆசை என்று சொல்லிவிட முடியாது. இடப்பெயர்வுகளில் அல்பங்கள் போய்விட்டன. பல வீடுகளில் மிஞ்சியிருப்பது அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு சிறு படம் மட்டுமே. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 அன்று போராட்டத்தைத் தொடங்கிய பின்னர், வெயிலில் பிடித்திருந்த மகனின் படம் வெளிறிப்போய் இரண்டு தடவை புதிதாக அடித்த தாய் ஒருவரை நான் அறிவேன். ஐவரில் இருவர் கணினியில் பழைய படங்களைத் திருத்தப் பழகியவர்கள். 17 அங்குல அகலத் தாளில் அடிக்க முடிந்தால் நல்ல தொழிலாகும் என்பது அவர்கள் கணக்கு.

முதலில் பார்க்க வேண்டியது மை. மையில் இரண்டு வகை உண்டு. சாய மை, துணிக்குப் போடும் சாயம்போலத் தாளுக்குள் ஊறிவிடும். நிறமி மை, சுவருக்குப் பூசும் வர்ணம்போல நுண்ணிய துகள்களாகத் தாளின் மேற்படையில் தங்கும். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் கூடுதலாகத் தாக்குப்பிடிப்பது இரண்டாவதுதான். பணக்கார நாடுகளும் இதைப் பட்டுத்தான் அறிந்தன. 1991இல் பாடகர் கிரஹாம் நாஷ் கலிபோர்னியாவில் தொடங்கிய அச்சகத்தில் ஐரிஸ் என்ற இயந்திரம் மிக அழகான படங்களை அடித்தது. ஆனால் அந்தக் கால மைகள் விரைவில் மங்கின. 2000ஆம் ஆண்டில் எப்சன் நிறுவனத்தின் 870, 1270 என்ற பிரின்டர்களில் அடித்த சில படங்கள் செம்மஞ்சளாக மாறுவதாக முறைப்பாடுகள் எழுந்தன. காரணம் வெயிலல்ல, காற்றிலுள்ள ஓசோன் வாயு.

கொழும்பில் நாங்கள் பார்த்தது நிறமி மை இயந்திரம். ஒன்பது மைக்கூடுகள், ஒவ்வொன்றும் 80 மில்லிலீற்றர். கறுப்பு மட்டும் இரண்டு வகை: மினுங்கும் தாளுக்கு ஒன்று, மினுங்காத பருத்தித் தாளுக்கு ஒன்று. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போதெல்லாம் குழாயில் நிற்கும் மையை இயந்திரம் வெளியே கொட்டுகிறது. இதை விற்பவர் சொல்லவில்லை, நாங்களாகக் கேட்டுத்தான் அறிந்தோம்.

அந்தத் தாயின் மகனுடைய படத்தைக் கொண்டு போயிருந்தோம். A2 தாளில் அடித்ததும் கூட வந்த தங்கச்சி உரத்துச் சொன்னாள்: "அக்கா, பெடியன் இவ்வளவு வெள்ளையில்லை." உண்மைதான். தானாகத் திருத்தும் அமைப்பு முகத்தை வெளிறச் செய்திருந்தது. அதை நிறுத்தி, அந்தத் தாளுக்கென உள்ள நிறக்கோப்பைக் கொடுத்து அடித்தபோது பிள்ளையின் நிறம் வந்தது. கன்னத்துத் தழும்பும் தெரிந்தது. கடைக்காரர் கூட எழுந்து வந்து பார்த்தார். அப்போது எனக்கே வாங்கிவிடலாம் போலிருந்தது.

பிறகு துளைச் சோதனை அடித்தோம். தலையிலுள்ள நுண்துளைகள் எல்லாம் திறந்திருந்தால் கோடுகள் முழுமையாக வரும். இரண்டு நிறங்களில் இடைவெளி இருந்தது. சுத்தம் செய்யும் கட்டளையை மூன்று தடவை கொடுத்தும் ஒரு நிறம் திருந்தவில்லை. நகைப் பட்டறையில் இரவல் வாங்கிய சிறு தராசில் மைக்கூடுகளை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தோம். ஒரு A2 படத்துக்கு ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே மை போனது. அந்த மூன்று சுத்தப்படுத்தலுக்கோ முப்பது கிராமுக்கு மேல்! வாடிக்கையாளர் காசு கொடுக்காத மை அது. கழிவு மைப் பெட்டியும் நிறையும் தறுவாயில் இருந்தது. தலையை மாற்றுவதென்றால் கேட்ட விலையில் பாதிக்கு மேல் வேண்டுமாம்.

எமது இடத்து வெக்கையும் புழுதியும் வேறு. அடிக்கும்போது மின்சாரம் நின்றால் தலை மூடியில்லாமல் காய்ந்து கிடக்கும். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யார் மறப்பார்?

வேண்டாம் என்றேன். திரும்பி வந்த பஸ்ஸில் தங்கச்சி என்னோடு கதைக்கவில்லை. "நீங்கள் சம்பளம் எடுக்கிற ஆக்கள், உங்களுக்கு அவசரமில்லை" என்று பிறகு ஒரு நாள் சொன்னாள். எனக்கு நொந்தது. ஆனாலும் அவள் சொன்னதில் பிழையில்லை. அவளுக்கு இரண்டு பிள்ளைகள், கணவர் இல்லை.

சங்கக் கூட்டத்தில் வந்த கட்டளைகளை எண்ணிப் பார்த்தோம். அநேகமானவை 12க்கு 18 அங்குலத்துக்குள் அடங்கின. எனவே 13 அங்குல அகலத் தாள் எடுக்கும் புதிய நிறமி மை பிரின்டரையும் மின்வெட்டுக்குத் தாங்கும் மின்கலப் பெட்டியையும் வைகாசியில் வாங்கினார்கள். மிகுதிக் காசில் ஒரு பகுதியைத் தலை பழுதானால் எடுப்பதற்கென்று வங்கியில் போட்டார்கள். இது தலைவியின் யோசனை. பெரிய படம் கேட்டு வருவோருக்குக் கொழும்பில் அடிப்பித்துக் கொடுக்கிறார்கள்.

அந்தத் தாயின் படத்தில் இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்று எமது பிரின்டரில், மற்றது நகரத்துக் கடையொன்றின் சாய மையில். இரண்டையும் பாதி கறுத்த மட்டையால் மூடி, வெயில் படும் யன்னலில் ஒட்டி வைத்தோம். மூன்று மாதம் கழித்து மட்டையை எடுத்தபோது கடைப் படத்தில் நடுவே கோடு கிழித்தாற்போல் இரண்டு நிறம். எமது படத்தில் கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசமில்லை. தங்கச்சி அதைத் திரும்பவும் மூடி யன்னலிலேயே ஒட்டிவிட்டாள், இன்னும் பார்க்க வேண்டுமாம்.

துளை காயாதிருக்க, கட்டளை இல்லாவிட்டாலும் வெள்ளிக்கிழமைகளில் ஒரு சிறு படம் அடிக்கிறார்கள். போன கிழமை அடித்தது தலைவியின் பேரப்பிள்ளை, மூக்கு ஒழுகியபடி.