நரம்பு வழியே ஓர் ஓட்டப்பந்தயம்

மனித உடலை இரண்டு அமைப்புகள் இரவும் பகலும் காத்து வருகின்றன. ஒன்று நரம்பு மண்டலம். மற்றொன்று நோய் எதிர்ப்பு அமைப்பு.

சூடான பாத்திரத்தில் கை பட்டால், வலியை மூளை உணரும் முன்பே கை விலகிவிடுகிறது. தோலிலுள்ள நரம்புகள் செய்தியை முதுகுத்தண்டுக்கு அனுப்ப, அங்கிருந்தே தசைக்குக் கட்டளை சென்றுவிடுகிறது. மிக விரைவான நரம்புகளில் செய்தி விநாடிக்கு 100 மீட்டர் வரை பாய்கிறது.

நோய் எதிர்ப்பு அமைப்புக்கு இதைவிட அதிக நேரம் தேவை. கிருமி உடலுக்குள் நுழைந்ததும் வெள்ளை அணுக்களில் சில அதனை விழுங்க முயல்கின்றன. ஆனால், அக்கிருமிக்கென்றே பொருந்தும் எதிர்ப்பொருள்களைப் போதிய அளவு உருவாக்க ஒரு வாரத்திற்கு மேலும் ஆகலாம். பல நோய்களை உடல் இவ்வாறே வென்றுவிடுகிறது.

வெறிநாய்க்கடி நோய் அப்படிப்பட்டதன்று. நோயுற்ற விலங்கின் உமிழ்நீரிலுள்ள வைரஸ், கடிபட்ட காயத்தின் வழியாக உடலுக்குள் புகுகிறது. பின்னர், அது நரம்பினுள் நுழைந்து மூளையை நோக்கி மெல்ல நகர்கிறது. நரம்பினுள் மறைந்து செல்வதால் எதிர்ப்பு அமைப்பு அதனை எளிதில் கண்டுகொள்வதில்லை. பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதங்களில் அறிகுறிகள் தோன்றும். சிலருக்கு ஒரு வாரத்திலேயே தோன்றலாம். அறிகுறிகள் தோன்றிய பிறகு உயிர் பிழைப்பது மிக மிக அரிது.

எனவே, இது ஓர் ஓட்டப்பந்தயம். வைரஸ் மூளையை எட்டுவதற்குள் எதிர்ப்பொருள்கள் உருவாக வேண்டும். அதற்குத் துணைபுரிவதே தடுப்பூசி. அதிலுள்ள செயலிழந்த வைரஸ் நோயை உண்டாக்காது. ஆனால், பகைவன் யாரென எதிர்ப்பு அமைப்புக்கு அடையாளம் காட்டிவிடும். அதுவரை உடலைக் காக்க, தேவைப்படுவோருக்கு ஆயத்தமான எதிர்ப்பொருள்களும் காயத்தில் செலுத்தப்படுகின்றன.

இந்த வழியை முதலில் காட்டியவர் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர். நோயுற்ற முயல்களின் முதுகுத்தண்டை உலர்த்தி, அதிலிருந்த கிருமியை அவர் வலுவிழக்கச் செய்தார். 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், வெறிநாயால் கடிபட்ட ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு அம்மருந்து செலுத்தப்பட்டது. பாஸ்டர் மருத்துவர் அல்லர் என்பதால், மருத்துவர் ஒருவரே ஊசி போட்டார். அடுத்தடுத்த நாள்களிலும் ஊசிகள் தொடர்ந்தன. சிறுவன் பிழைத்துக்கொண்டான்.

இந்நோய் இன்னும் மறைந்துவிடவில்லை. 2017ஆம் ஆண்டு மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் பரவத் தொடங்கிய இந்நோய் பல உயிர்களைப் பறித்தது.

நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தை உடனே சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ பூசக்கூடாது. தாமதிக்காமல் மருத்துவரை நாட வேண்டும். தடுப்பூசியைக் குறித்த நாள்களில் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். வலி அடங்கிவிட்டது என்று காத்திருப்பது ஆபத்தானது. காயம் ஆறினாலும் வைரஸின் பயணம் நிற்பதில்லை.