ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் எத்தனை மணி வழி?

ஓர் ஊர் எவ்வளவு தொலைவு என்று வினவினால், "அரை நாள் நடை", "நான்கு மணி வழி" என்றே நம் பெரியோர் விடை கூறுவர். தொலைவைக் காலத்தால் அளந்த அவ்வழக்கு எத்துணைப் பொருத்தமானது என்பதற்குப் பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்சிங்கியும் ஜப்பானின் தலைநகராகிய டோக்கியோவும் நல்ல சான்று.

இல்லத்தில் உலக உருண்டை இருக்குமாயின், பிள்ளைகளை அருகழைத்து, இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இறுகப் பிடித்துப் பாருங்கள். சுவரில் தொங்கும் தட்டையான படத்தில் நாம் கோடிழுக்கும் இடத்தில் அந்நூல் நில்லாது. வடக்கே வளைந்து, சைபீரியப் பனிவெளியின் மேல் செல்லும். உருண்டையான புவியில் அதுவே மிகக் குறுகிய வழி. ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். அவ்வழியே பறக்கும் விமானம் ஒன்பதரை மணி நேரத்தில் டோக்கியோவை அடையும். மேல்காற்று எதிர்ப்பதால் திரும்பி வர நேரம் சற்றுக் கூடும்.

ஆனால் அந்நூலின் பெரும்பகுதி ருஷ்ய மண்ணின் மீதே கிடக்கிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளியில் முழு உரிமை உண்டு என 1944இல் சிக்காகோ நகரில் செய்யப்பெற்ற உடன்படிக்கை கூறுகிறது. ஆகவே வானத்திலும் வாயிற்கதவு உண்டு; திறப்பவர் திறந்தால்தான் வழி.

சோவியத் ஆட்சிக் காலத்தில் அக்கதவு எளிதில் திறக்கவில்லை. ஐரோப்பிய விமானங்கள் பலவும் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் இறங்கி, எரிபொருள் நிரப்பிக்கொண்டு ஜப்பான் சென்றன. 1983 ஏப்ரலில் பின்லாந்தின் பின்னேர் நிறுவனம் மூன்று பொறிகள் கொண்ட டிசி-10 விமானத்தை வடதுருவத்தின் மேலாகச் செலுத்தி, எங்கும் நிற்காமல் டோக்கியோ சேர்த்தது. பயண நேரம் ஏறத்தாழ 13 மணி. துருவத்தின் அருகே காந்த ஊசி திசை காட்டாது என்பதை எண்ணினால் அது சிறு செயலன்று. அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் நாள், வழி தவறிச் சோவியத் வான்வெளியில் புகுந்த கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, 269 பேர் மாண்டனர். ஏன் இத்தனை சுற்று என்று வினவுவோர்க்கு அதனினும் கொடிய விடை வேண்டுமோ?

சோவியத் நாடு கலைந்தபின் சைபீரிய வழி தாராளமாகத் திறந்தது. ஆசியாவுக்கு அண்மையிலுள்ள ஐரோப்பிய நிலையம் என்று ஹெல்சிங்கி பெயர் பெற்றது. பின்னர், 2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் ருஷ்ய விமானங்களுக்குத் தம் வானை மூடின. ருஷ்யாவும் அவ்வாறே செய்தது. மார்ச் மாதத்தில் பின்னேர் மீண்டும் துருவ வழியை நாடியது. மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சுற்று. மீண்டும் 13 மணி நேரம்! நகரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. தடைக்கு உட்படாத சீன விமானங்களோ ருஷ்யாவின் மேல் பறந்து ஐரோப்பா சென்றன.

துருவத்தைக் கடந்த பயணிகளுக்கு நிறுவனம் ஒரு சான்றிதழும் வழங்கியது. உலாச் செல்வோர்க்கு அது இனிய நினைவுப் பொருள். நோயுற்ற தாயைக் காண விரையும் மகளுக்கோ கூடிய மூன்றரை மணி நேரமே பெரிது.

திரும்பும் வழி அன்றன்றைய காற்றைப் பொறுத்தது. சில நாள் துருவத்தின் வழியாகவும், சில நாள் தெற்கே சீனம், மத்திய ஆசியா வழியாகவும் விமானிகள் ஹெல்சிங்கி சேர்கின்றனர்.