வீட்டுக்கு அடியில் ஒரு தொட்டி

சங்கத்து மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, சிலப்பதிகாரத்தைப் பற்றியோ டில்லிக் குளிரைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். நான் எடுத்துக்கொண்ட பொருள் செப்டிக் டாங்க். நண்பர்களே, முகத்தைச் சுளிக்க வேண்டா. விடுமுறைக்கு நாம் செல்லும் வீடுகள் பலவற்றின் பின்கட்டில் அப்படி ஒன்று புதைந்து கிடக்கின்றது. அதைப் பற்றி ஒன்றும் அறியாதிருந்ததால் எங்கள் வீட்டில் ஒரு பிள்ளையின் உயிர் போக இருந்தது.

பன்னிரண்டு வயது வரையில் நான் கோல் மார்க்கெட்டில் வளர்ந்தவன். 1921இல் கட்டப்பட்ட அந்தப் பன்னிரண்டு பட்டைக் கட்டடத்தைச் சுற்றிலும் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். அங்கே தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கின்றன. மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளி. கூப்பிடு தூரத்தில் காய்கறி. மாலையில் பிர்லா மந்திர். கழிவறையில் சங்கிலியை இழுத்தால் தண்ணீர் ஓடும். அதோடு நம் கவலையும் ஓடிவிடும். புது டில்லியைத் திட்டமிட்டவர்கள் நிலத்தடிச் சாக்கடையையும் சேர்த்தே திட்டமிட்டார்கள். ஓக்லாவில் கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையம் 1937 முதலே இருக்கின்றது. ஆகவே, நாம் கழித்தது எங்கே போகின்றது என்ற கேள்வி எங்கள் தெருவில் எழுந்ததே இல்லை.

அப்பா ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். சேமிப்பையெல்லாம் போட்டு மேற்கு டில்லியின் ஓரத்தில் ஒரு காலனியில் வீடு கட்டினார். மின்சாரம் வந்தது, தண்ணீர் வந்தது, சாக்கடைக் குழாய் மட்டும் வரவில்லை. மேஸ்திரி பின்கட்டில் குழி தோண்டி, செங்கல் கட்டி, மேலே சிலாப்பு போட்டு, "இனி இருபது வருஷத்துக்கு இதைத் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்களும் நம்பினோம். நம்பியதோடு நில்லாமல், மூடியின் மேலேயே வழவழப்பான ஓடு பதித்துத் துணி துவைக்கும் இடமாக்கிவிட்டோம்!

ஒன்பதாம் ஆண்டு மழைக்காலத்தில் கழிவறையில் தண்ணீர் இறங்க மறுத்தது. குளியலறையின் மூலையில் கறுப்பு நீர் கொப்பளித்தது. அப்பா கடைக்குப் போய் ஒரு பாட்டில் அமிலம் வாங்கிவந்து ஊற்றினார். அது செய்யக்கூடாத காரியம் என்பது பின்னர்தான் தெரிந்தது. ஏன் என்று சொல்வதற்கு முன் அந்தத் தொட்டிக்குள் நடப்பதைச் சொல்லிவிடுகின்றேன்.

செப்டிக் டாங்க் வெறும் குழி அன்று. அது ஓர் உயிருள்ள பட்டறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் மூராஸ் என்பவர் இத்தகைய தொட்டி ஒன்றைக் கட்டினார். 1890களில் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்டு கேமரன் அதைத் திருத்தி இந்தப் பெயரையும் சூட்டினார். 'அழுகச் செய்வது' என்பது பெயரின் பொருள். வீட்டிலிருந்து வரும் கழிவுநீர் அங்கே ஏறக்குறைய ஒரு நாளோ இரண்டு நாளோ அசையாமல் தங்க வேண்டும். தங்கினால் மூன்றாகப் பிரியும். கனமானது அடியில் சேறாகப் படியும். எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடையாக மிதக்கும். நடுவில் ஓரளவு தெளிந்த நீர் நிற்கும். காற்றில்லாத அந்த இருட்டில் வாழும் நுண்ணுயிர்கள் சேற்றைச் சிறிது சிறிதாகத் தின்று குறைக்கும். நடுநீர் மட்டும் 'டி' வடிவக் குழாய் வழியாக வெளியேறி உறிஞ்சுகுழிக்குள் சென்று மண்ணில் இறங்கும். தொட்டியின் நடுவே ஒரு தடுப்புச் சுவர் வைத்து இரண்டு அறையாகப் பிரிப்பதும், அந்தக் குழாயின் வாய் ஆடைக்குக் கீழே அமிழ்ந்திருப்பதும் இதற்காகவே.

அமிலமும் பிளீச்சிங் பவுடரும் மிகுதியாக ஊற்றினால் செத்துப் போவன அந்த நுண்ணுயிர்கள்தாம். வேலைக்காரர்களைக் கொன்றுவிட்டுப் பட்டறை ஓடவில்லையே என்று நாம் வருந்துகின்றோம்! சமையல் எண்ணெய், துணி, தலைமுடி, நாப்கின் இவையும் அங்கே போகக் கூடாதவை. அங்குள்ள உயிர்கள் அவற்றை எளிதில் தின்னமாட்டா.

ஆனால் நுண்ணுயிர்கள் எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும். ஆண்டுதோறும் சேறு உயரும். தண்ணீருக்கு இடம் குறையும். தங்க வேண்டிய நீர் தங்காமல் சேற்றையும் இழுத்துக்கொண்டு ஓடும். அந்தச் சேறு உறிஞ்சுகுழியின் மண்துளைகளை அடைத்துவிட்டால் தொட்டியைக் காலி செய்தாலும் பயன் இராது. உறிஞ்சுகுழியையே புதிதாகத் தோண்ட வேண்டும். ஆகவே இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சேற்றை எடுப்பதே முறை. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் தொட்டி மிகச் சிறியது: நீளம் 1.5 மீட்டர், அகலம் 0.75 மீட்டர், நீரின் ஆழம் ஏறக்குறைய 1 மீட்டர். நம்மவர் மூன்று மடங்கு பெரிதாகக் கட்டிவிட்டு, பெரிதாகக் கட்டியதனாலேயே அதை மறந்துவிடுகின்றார்கள்.

இங்கே ஒரு மயக்கத்தையும் தீர்த்துவிட வேண்டும். பிந்தேஸ்வர் பாடக் 1970இல் தொடங்கிய சுலப் இயக்கம் பரப்பிய இரட்டைக் குழிக் கழிவறை வேறு, இது வேறு. அதில் ஒரு குழி நிரம்பினால் மற்றதற்கு மாற்றிவிட்டு முதல் குழியை நீண்ட நாள் ஆறப்போடுவார்கள். கழிவு உலர்ந்து எருவாகிவிடும். செப்டிக் டாங்கில் கழிவு எத்தனை ஆண்டானாலும் ஈரமாகவே, நஞ்சாகவே இருக்கும். இரண்டையும் ஒன்றென்று எண்ணிக் கைவைப்பது ஆபத்து.

இனி எங்கள் வீட்டுக்கு வருகின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி, டிராக்டரில் பூட்டிய உறிஞ்சுவண்டி ஒன்று வந்தது. ஓட்டுபவர் ஒருவர், உதவிக்கு ஒரு பையன், என்னைவிட இளையவன். சந்து குறுகல், ஆகவே வண்டி தெருமுனையில் நின்றது, குழாய்களை ஒன்றோடொன்று மாட்டி வீட்டுக்குள் இழுத்து வந்தார்கள். ஓட்டை உடைத்து மூடியைத் தேடவே ஒரு மணி நேரம் ஆயிற்று. பம்பு ஓடியது. மேல்நீர் மடமடவென்று போயிற்று. பிறகு குழாய் இருமியது, நின்றுவிட்டது. ஒன்பது ஆண்டுச் சேறு களிமண்போல் இறுகிக் கிடந்தது.

பையன் ஒன்றும் பேசாமல் சட்டையைக் கழற்றிச் சுவரில் மாட்டினான்.

"ஐந்து நிமிட வேலை என்கிறான்," என்றார் அப்பா. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் நின்றேன். எம்.ஏ. படிக்கும் நான் வாய் திறக்கவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். சுவரில் மாட்டிய சட்டையை எடுத்தாள். அவன் கையில் கொடுத்து, "பெஹன் லோ, பேட்டா" என்று தன் அரைகுறை இந்தியில் சொன்னாள். பிறகு அப்பாவிடம் தமிழில், "வண்டிக்காரர் இன்னும் ஐந்நூறு கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். இந்தப் பிள்ளை இறங்க வேண்டாம்," என்றாள்.

அவள் வேதியியல் படித்தவள் அல்லள். ஆயினும் வேதியியல் அவள் பக்கமே இருந்தது. சேறு அழுகும்போது மீத்தேனும் கரியமில வாயுவும் ஹைட்ரஜன் சல்பைடும் பிறக்கின்றன. கடைசியாகச் சொன்னதுதான் கொலைகாரன். காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் தங்கும். சிறிதளவு இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வீசும். பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கை நெருங்கும்போது மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும்; நாற்றம் போய்விட்டது என்று மனிதன் எண்ணுவான். 1,000 பங்கை எட்டினால் ஓரிரு மூச்சிலேயே விழுவான். சேற்றைக் கிளறினால் அதில் சிறைப்பட்டிருந்த வாயு ஒரே வீச்சில் கிளம்பும். விழுந்தவனைத் தூக்கப் போகின்றவனும் விழுவான். ஒரே தொட்டியில் மூவர், நால்வர் என்று செய்தி வருவது இதனால்தான். 2018 செப்டம்பரில் மேற்கு டில்லி மோதி நகரில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் கழிவுநீர்த் தொட்டியில் ஐவர் இறந்தனர். முகத்தில் கட்டிய கைக்குட்டையோ உள்ளே போன சாராயமோ இதைத் தடுக்காது. தீக்குச்சி கிழித்துப் பார்ப்பதோ மீத்தேனுக்கு அழைப்பு விடுப்பதாகும்.

சட்டமும் அம்மா பக்கமே. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடையிலோ செப்டிக் டாங்கிலோ இறக்கும் வேலையில் அமர்த்துவதைக் குற்றமாக்கியிருக்கின்றது. முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ஒப்பந்தக்காரர் மட்டுமல்லர், வீட்டுக்காரரும் அதில் அடங்குவார். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

இறங்குகின்றவர் யார் என்று கேட்டால், விடை சாதியில் போய் முடியும். கோல் மார்க்கெட்டுக்கு அருகில், நான் பள்ளிக்கு நடந்த மந்திர் மார்க்கிலேயே, வால்மீகி பஸ்தி இருக்கின்றது. துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பு. காந்தியடிகள் 1946-47இல் அங்கே தங்கினார். 2014 அக்டோபர் 2 அன்று தூய்மை இந்தியா இயக்கத்தின் தொடக்க நாளில் பிரதமர் துடைப்பம் பிடித்ததும் அங்கேதான். அந்த வாயிலைக் கடந்து எத்தனையோ நாள் நடந்திருக்கின்றேன். உள்ளே இருப்பவர்களுக்கும் என் வீட்டுத் தண்ணீருக்கும் தொடர்பு உண்டு என்று ஒரு நாளும் எண்ணியதில்லை.

அடைத்த குழாய்க்கு வழி இல்லாமல் இல்லை. வண்டிக்காரருக்கு அது தெரிந்தே இருந்தது. நேரம் பிடிக்கும் என்பதுதான் தயக்கம். உறிஞ்சிய நீரில் கொஞ்சத்தைத் திரும்பத் தொட்டிக்குள்ளேயே விசையாகப் பாய்ச்சினார். நீண்ட மூங்கில் கழியால் மேலே நின்றபடி கலக்கினார்கள். மூடிகள் இரண்டும் திறந்தே இருந்தன. குனிந்து எட்டிப் பார்க்க யாரையும் விடவில்லை. உறிஞ்சுதல் என்பது உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தம் தள்ளுவதுதான். எவ்வளவு நல்ல பம்பாயினும் நீரைப் பத்து மீட்டருக்கு மேல் அது ஏற்றாது. கட்டிச் சேற்றை அதுகூட ஏற்றாது. கூழாகக் கரைத்தால் ஏற்றும். இரண்டு மணி நேரத்தில் தொட்டி காலியாயிற்று. அடியில் ஒரு விரற்கடை சேற்றை வேண்டுமென்றே விட்டுவிட்டார். தயிருக்கு உறை விடுவது போல, அடுத்த சுற்று நுண்ணுயிர்களுக்கு அதுவே உறை. கழுவித் துடைக்க வேண்டிய பாத்திரம் அன்று அது.

இன்னொரு கேள்வியை நான் கேட்க மறந்தேன்; நீங்கள் மறக்க வேண்டா. வண்டி அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகின்றது? அருகிலுள்ள கால்வாயில் கொட்டினால் அது நஜஃப்கர் கால்வாய் வழியே யமுனைக்குப் போகும். கழிவுநீர் நிலையத்தில் கொட்டும் உரிமம் பெற்ற வண்டியாகப் பார்த்து அழைக்க வேண்டும். சிற்றூர்களுக்கு என்று தனி நிலையங்களும் வந்துவிட்டன. கர்நாடகத்தில் தேவனஹள்ளியில் 2015இலும், நம் நாட்டில் செங்கற்பட்டு அருகே கருங்குழியில் 2017இலும் தொடங்கிய நிலையங்கள், செப்டிக் டாங்க் சேற்றை மட்டுமே வாங்கி உலர்த்துகின்றன. ஊருக்குப் போகும்போது உங்கள் நகராட்சியில் இப்படி ஒன்று உண்டா என்று விசாரியுங்கள்.

எங்கள் மூடியின் மேல் இப்போது ஓடு இல்லை. இரும்பு வளையம் வைத்த மூடி. பக்கத்தில் சுத்தம் செய்த தேதி பெயிண்டில் எழுதியிருக்கின்றது. துவைக்கும் கல் வேறு பக்கம் போய்விட்டது. ஆண்டுக்கு ஒருமுறை தங்கை மூடியைத் திறந்து சிறிது நேரம் காற்றாட விட்டு, வெள்ளைத் துணி சுற்றிய நீண்ட கழியை அடிவரை விட்டு எடுக்கின்றாள். கறுத்த பகுதியின் உயரம் சேற்றின் உயரம். அதுவும் மேலாடையும் சேர்ந்து ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் வண்டியைக் கூப்பிட வேண்டும். இதை எழுதுமுன் விடுதியிலிருந்து தொலைபேசியில் கேட்டேன். "ஒரு சாண்தான் அண்ணா, இன்னும் நாள் இருக்கிறது," என்றாள்.