கடினமான ஆங்கிலச் சொற்கள் மறந்துபோகின்றனவா? நினைவு உத்திகள் எந்த அளவுக்கு உதவும்?

தெற்கு அந்தமானில் உள்ள வண்டூர், 1983-இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் நுழைவாயிலாகும். ஜாலி பாய் தீவுக்குப் படகுகள் இங்கிருந்தே புறப்படுகின்றன. இத்தகைய தலங்களில் சுற்றுலாப் பணியை நாடும் இளைஞர்களுக்கும், போட்டித் தேர்வு எழுதுவோருக்கும் ஆங்கிலச் சொல்வளம் இன்றியமையாதது. ஆனால், முதல் நாள் இரவு மனப்பாடம் செய்த சொல் மறுநாள் தேர்வறையில் நினைவுக்கு வர மறுக்கிறது. இது ஏன்?

ஏற்கெனவே அறிந்த எதனோடும் பிணைக்கப்படாத ஒலி, நினைவில் எளிதில் தங்குவதில்லை. அந்தப் பிணைப்பை நாமே உருவாக்குவதுதான் 'திறவுச்சொல்' முறை.

எப்படிச் செய்வது?

'மரூன்' என்னும் ஆங்கில வினைச்சொல்லுக்கு, ஒருவரைத் தனித்தீவில் கைவிட்டுச் செல்லுதல் என்று பொருள். ஒலியில் இதற்கு நெருக்கமான தமிழ்ச்சொல் 'மருண்ட'. ஆளில்லாத கரையில் நிற்கும் ஒருவர், விலகிச் செல்லும் படகை மருண்ட விழிகளுடன் பார்ப்பதாகக் கற்பனை செய்யுங்கள். ஒலியும் பொருளும் ஒரே காட்சியில் இணைந்துவிடும்.

'மீகர்' என்றால் சொற்பமான என்று பொருள். மீன்காரரின் கூடையில் இரண்டே மீன்கள் கிடப்பதாக எண்ணினால் போதும்.

எழுத்துப் பிழைகளுக்கும் இவ்வழி உதவும். 'ஐலேண்ட்' என்ற சொல்லில் ஒலிக்காத 'எஸ்' எழுத்தைப் பலர் விட்டுவிடுகின்றனர். அச்சொல்லை 'இஸ்', 'லேண்ட்' எனப் பிரித்து, 'தீவும் நிலமே' என நினைவில் கொள்ளலாம்.

ஆய்வு கூறுவது என்ன?

அமெரிக்க ஆய்வாளர்கள் ரிச்சர்ட் அட்கின்சன், மைக்கேல் ரா ஆகியோர் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்கு 120 ரஷ்யச் சொற்கள் கற்பிக்கப்பட்டன. திறவுச்சொல் முறையில் கற்றவர்கள் 72 சதவீதச் சொற்களுக்கும், மற்றவர்கள் 46 சதவீதச் சொற்களுக்கும் சரியான பொருள் கூறினர். ஆறு வாரங்களுக்குப் பின் இவை முறையே 43, 28 சதவீதமாகக் குறைந்தன.

அதாவது, உத்தியால் பயன் உண்டு. ஆனால் அதுவும் மறதியை முழுமையாகத் தடுப்பதில்லை. கற்றல் முறைகளை மதிப்பிட்டு 2013-இல் வெளியான ஜான் டன்லோஸ்கி குழுவினரின் ஆய்வும், தன்னைத் தானே சோதித்தல், இடைவெளி விட்டுப் படித்தல் ஆகிய இரண்டுக்கே உயர்ந்த இடம் அளித்தது.

கவனிக்க வேண்டியவை

* புதிய சொல்லை அன்றே ஒருமுறையும், பின்னர் 3, 7, 15-ஆம் நாள்களிலும் புத்தகத்தைப் பாராமல் நினைவுகூர வேண்டும்.
* திறவுச்சொல் சரியான உச்சரிப்பு ஆகாது. அதை அகராதியின் ஒலிப்பதிவைக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.
* ஒவ்வொரு சொல்லையும் சொந்த வாக்கியத்தில் எழுதிப் பழக வேண்டும்.

நினைவு உத்தி சொல்லை மனத்துக்குள் கொண்டுவரும். அது அங்கேயே நிலைப்பது, திரும்பத் திரும்ப நினைவுகூர்வதால்தான்.