வீதி பந்தயத் திடலல்ல

அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களில் அடிக்கடி எழும் முறைப்பாடுகளுள் ஒன்று, இரவு நேரங்களில் பிரதான வீதியில் இளைஞர்கள் நடத்தும் மோட்டார் சைக்கிள் பந்தயம் பற்றியதாகும். நோன்பு காலத்தில் தறாவீஹ் தொழுகைக்கும் ஸஹருக்கும் இடைப்பட்ட நேரம், பெருநாள் தினங்களின் மாலைப் பொழுது, சித்திரைப் புத்தாண்டு விடுமுறை, ஆலயத் திருவிழாக் காலம் ஆகியன இதற்கு வாய்ப்பான வேளைகளாகி விடுகின்றன. ஊர்ப் பெரியோர் கண்டிக்கும்போது இளைஞர் தரப்பிலிருந்து ஒரு பதில் வருகின்றது. உலகமெங்கும் மோட்டார் பந்தயம் நடைபெறுகின்றது, வென்றவருக்குக் கிண்ணம் வழங்கப்படுகின்றது, நாங்கள் ஓட்டினால் மட்டும் குற்றமா என்பதே அந்தப் பதில். இக்கேள்வியை அதட்டி அடக்குவதால் பயனில்லை. அதற்குத் தெளிவான விடை உண்டு. அந்த விடையை இளைஞர் மட்டுமன்றிப் பெற்றோரும் அறிந்திருப்பது அவசியம்.

எத்தகைய வீதி?

முதலில் பந்தயம் நடைபெறும் வீதியை நோக்குவோம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை ஊடாக மட்டக்களப்பைச் சென்றடையும் ஏ-4 நெடுஞ்சாலையே எமது கரையோரத்தின் முதுகெலும்பாகும். பெரியநீலாவணையில் தொடங்கி மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊரோடு ஊர் ஒட்டியே அமைந்துள்ளது. ஒரு புறம் கடல், மறு புறம் வயல்வெளி. இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் தமிழரும் முஸ்லிம்களும் நெருக்கமாக வாழ்கின்றனர். பாடசாலை, பள்ளிவாசல், ஆலயம், சந்தை, வங்கி, வைத்தியசாலை யாவும் இந்த ஒரே வீதியை நம்பியே உள்ளன.

2004 ஆம் ஆண்டின் கடற்கோளுக்கும் 2009 இல் யுத்தம் முடிவுற்றதற்கும் பின்னர் இப்பகுதியின் பிரதான வீதிகள் காபட் வீதிகளாகப் புனரமைக்கப்பட்டன. குண்டும் குழியுமாகக் கிடந்த காலத்தில் வீதியே வேகத்தைக் கட்டுப்படுத்தியது. இன்று அத்தடை நீங்கிவிட்டது. ஆனால் வீதியைப் பயன்படுத்துவோர் மாறவில்லை. ஒழுங்கையிலிருந்து முச்சக்கரவண்டி திடீரென வெளிப்படும். அறுவடைக் காலத்தில் பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரம் நெல்மூட்டைகளுடன் ஊர்ந்து செல்லும். மாடுகள் நடுவீதியில் படுத்திருக்கும். கடற்காற்று கொணர்ந்த மணல் வீதியோரத்தில் படிந்திருக்கும். தொழுகை முடிந்து முதியவர்களும் சிறுவர்களும் கூட்டமாக வீதியைக் கடப்பர். இவற்றுள் எதனையும் பந்தயம் ஓட்டுபவர் முன்கூட்டி அறிய முடியாது.

கணக்குச் சொல்லும் உண்மை

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் மோட்டார் சைக்கிள் ஒரு வினாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் தூரத்தைக் கடக்கின்றது. ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்துவதற்கு ஒரு வினாடி எடுத்தால், அந்த 14 மீற்றரும் பிரேக் பிடித்த பின் மேலும் ஏறத்தாழ 14 மீற்றரும் ஓடியே அது நிற்கும். மொத்தம் 28 மீற்றர். நூறு கிலோமீற்றர் வேகத்திலோ தாமதத்தின் ஒரு வினாடியில் 28 மீற்றரும், நிறுத்துவதற்கு மேலும் ஏறத்தாழ 55 மீற்றரும் தேவைப்படும். வேகம் இரு மடங்கானபோது நிற்கும் தூரம் 83 மீற்றராக, ஏறக்குறைய மூன்று மடங்காகின்றது. இது உலர்ந்த நல்ல வீதியில், நல்ல டயரும் பிரேக்கும் உள்ள வண்டிக்கான கணக்கு. மணல் படிந்த வீதியிலும் மழை பெய்த வீதியிலும் தூரம் இன்னும் கூடும்.

இரவில் முகப்பு விளக்கின் தாழ்ந்த ஒளி தெளிவாகக் காட்டுவது சாதாரணமாக ஐம்பது மீற்றர் அளவே. அவ்வாறாயின் நூறு கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர், தாம் காணும் எல்லைக்குள் நிற்க இயலாதவராகவே ஓடிக்கொண்டிருக்கின்றார். எத்துணை திறமைசாலியாயினும் இதில் விதிவிலக்கில்லை. திறமை கையில் இருக்கலாம். தூரம் கையில் இல்லை.

மோதலின் வன்மையும் வேகத்தோடு நேர்விகிதமாக வளர்வதில்லை. வேகம் இரட்டிப்பானால் மோதும் சக்தி நான்கு மடங்காகும். கார் மோதும் பாதசாரி உயிரிழக்கும் ஆபத்து, வேகம் 50 இலிருந்து 65 கிலோமீற்றராக உயரும்போதே 4.5 மடங்காகப் பெருகுவதாக உலக சுகாதார நிறுவனம் எடுத்துரைக்கின்றது. உலகில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துகளில் மடிவதாகவும், 5 முதல் 29 வயது வரையானோரின் மரணத்துக்கு இதுவே முதற் காரணம் எனவும் அதே நிறுவனம் 2023 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. நமது நாட்டிலும் வருடந்தோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் வீதிகளில் பலியாகின்றன.

பந்தயம் வீதியை விட்டு வெளியேறிய வரலாறு

மோட்டார் பந்தயமும் தொடக்கத்தில் பொது வீதியிலேயே நடைபெற்றது என்பது பலர் அறியாத செய்தி. 1903 ஆம் ஆண்டு பாரிஸிலிருந்து மட்ரிட் நகருக்கு ஓடத் தொடங்கிய பந்தயத்தில் ஓட்டுநர்களும் வேடிக்கை பார்த்தோரும் உயிரிழந்தனர். ரெனோல்ட் நிறுவனத்தை உருவாக்கிய சகோதரர்களுள் ஒருவரான மார்செல் ரெனோல்டும் அதில் மாண்டார். பிரெஞ்சு அரசு போர்தோ நகருடன் பந்தயத்தைத் தடுத்து நிறுத்தியது. பிரித்தானியாவில் பொது வீதிகளில் மணிக்கு 20 மைல் என்ற வேக எல்லை நடைமுறையில் இருந்தமையால், 1907 இல் புரூக்லண்ட்ஸ் என்னுமிடத்தில் மோட்டார் பந்தயத்துக்கென்றே தனித் தடம் அமைக்கப்பட்டது. வேகத்தை நேசித்தவர்களே பந்தயத்தை வீதியிலிருந்து பிரித்தெடுத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இலங்கையிலும் இவ்விளையாட்டு புதியதன்று. நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934 இல் ஆரம்பமானது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியர் அமைத்த கட்டுக்குருந்த விமான ஓடுபாதை பின்னர் பந்தயக் களமானது. தமிழகத்தில் சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் நடைபெற்று வந்த பந்தயங்கள், பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் அமைந்த தனித் தடத்துக்கு மாறின.

தடத்தில் என்ன இருக்கின்றது? அனைவரும் ஒரே திசையில் ஓடுகின்றனர். எதிர்த்து வரும் வாகனம் இல்லை, குறுக்கே வரும் பாதசாரி இல்லை. தடத்தை மீறிச் செல்லும் வண்டியின் வேகம் தணியும்படி அகன்ற வெற்றிடம் விடப்பட்டுள்ளது. மின்கம்பமும் மதகும் மதிலும் இருக்கக்கூடிய இடத்தில் அங்கு டயர் தடுப்புகள் இருக்கின்றன. ஓடுமுன் வண்டி பரிசோதிக்கப்படுகின்றது. முழுத் தலைக்கவசம், தோல் உடை, கையுறை, சப்பாத்து இன்றி எவரும் அனுமதிக்கப்படுவதில்லை. ஒருவர் விழுந்தால் கொடி அசைக்கப்படுகின்றது. பின்னால் வருவோர் வேகத்தைக் குறைத்தேயாக வேண்டும். மருத்துவரும் அம்புலன்ஸ் வண்டியும் ஆயத்தமாக நிற்கின்றனர்.

எமது வீதியில் விழுபவருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அவரை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலைக்கோ எவரேனும் கொண்டு செல்ல வேண்டும். அங்கிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு மாற்ற நேர்ந்தால் மேலும் சுமார் 40 கிலோமீற்றர் பயணம். தலையில் அடிபட்டவருக்கு ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியானது. பந்தயம் ஓட்டியமை வெளிப்பட்டுவிடும் என்றஞ்சி நண்பர்கள் தாமதித்தால், அத்தாமதமே உயிரைப் பறித்துவிடக்கூடும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை கட்டணமின்றிக் கிடைக்கும் என்பதை ஒவ்வோர் இளைஞனும் மனதில் பதித்திருத்தல் வேண்டும்.

தடம் என்ற பெயர் மட்டும் போதாது

தடம் என்றாலே பாதுகாப்பு என்று எண்ணுவதும் தவறு. 1955 இல் பிரான்ஸின் லே மான்ஸ் பந்தயத்தில் பார்வையாளர் பகுதிக்குள் கார் சிதறிப் பாய்ந்ததால் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பங்குபற்றிய 13 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவையில், ஐந்து வருட இடைவெளிக்குப் பின் நடைபெற்ற பொக்ஸ் ஹில் சுப்பர் குரொஸ் பந்தயத்தில் கார் ஒன்று தடத்தை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. சிறுமி ஒருத்தி உட்பட ஏழு பேர் பலியாகினர். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

இச்சம்பவங்கள் வீதிப் பந்தயத்துக்கு ஆதரவான சான்றுகளல்ல, நேர் எதிரானவை. திட்டமிட்டு, பணியாளர்களை நிறுத்தி, அனுமதி பெற்று நடத்தப்படும் பந்தயத்திலேயே பார்வையாளருக்கும் தடத்துக்கும் இடையிலான தூரமும் தடுப்பும் பிழைத்தால் இத்தகைய அவலம் நேருமாயின், வீதியோரத்தில் கைபேசியில் படம் பிடித்தபடி நிற்கும் கூட்டத்தின் கதி என்னவாகும்? பாதுகாப்பைத் தருவது தடம் என்ற பெயரல்ல. தூரமும் தடுப்பும் விதியும் அவ்விதியை நிறைவேற்றும் மனிதருமே.

யாவற்றுக்கும் மேலான வேறுபாடு ஒன்றுண்டு. தடத்தில் இறங்குபவர் ஆபத்தை அறிந்து, தாமே ஏற்று இறங்குகின்றார். வீதியில் செல்லும் தாயும் பிள்ளையும் எந்தப் பந்தயத்துக்கும் சம்மதித்தவர்களல்லர். அவர்களது உயிரைப் பணயமாக வைக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

சட்டத்தின் நிலையும் இதுவே. நகர்ப்புறப் பகுதிகளில் மோட்டார் சைக்கிளுக்கான வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றராகும். அனுமதிப்பத்திரமின்றிச் செலுத்துவது மாத்திரமன்றி, அனுமதிப்பத்திரம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுப்பதும் குற்றமே. மோட்டார் காப்புறுதி ஒப்பந்தங்கள் பொதுவாகப் பந்தயத்தின்போது ஏற்படும் இழப்பைப் பொறுப்பேற்பதில்லை. ஆகவே ஓர் இரவின் விளையாட்டு, குடும்பத்தின் காணியையும் நகையையும் விற்றும் தீராத கடனாக முடியலாம்.

மரபு காட்டும் வழி

போட்டியை நமது மரபுகள் வெறுக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தி புகாரி உள்ளிட்ட ஹதீஸ் தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. அதில் தொடங்கும் இடமும் முடியும் இடமும் வரையறுக்கப்பட்டிருந்தன. பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு நீண்ட தூரமும், பயிற்சி பெறாதவற்றுக்குக் குறுகிய தூரமும் வகுக்கப்பட்டன. எல்லையும் தகுதியும் பிரிக்கப்பட்ட போட்டி அது. பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகக் கூறும் மார்க்கத்தில், தானே பாதையின் இடையூறாக மாறுவதற்கு இடமேது? யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் தமிழர் பேணிவரும் மாட்டுவண்டிச் சவாரிக்கும் தனியான சவாரித் திடல் உண்டு. காளைகளை ஊர் நடுவே விரட்டுவதை எவரும் சவாரி என்று கொள்வதில்லை.

செய்யக் கூடியவை பல. பதினெட்டு வயது நிரம்பாத மகனுக்கு வண்டியின் திறப்பைக் கொடுப்பது பாசமாகாது. சைலன்சரை மாற்றி ஓசையைப் பெருக்கித் தருமாறு கேட்போரைத் திருத்தகக்காரர்கள் திருப்பி அனுப்புதல் வேண்டும். பள்ளிவாசல் நிருவாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் நோன்புக்கும் திருவிழாவுக்கும் முன்னரே ஒன்றுகூடிப் பொலிஸாருடன் பேசி, எந்த இடத்தில் எந்நேரம் கண்காணிப்பு என்பதைத் தீர்மானிக்கலாம். பந்தயம் மருதமுனையில் தொடங்கிப் பாண்டிருப்பைக் கடந்து செல்கையில், ஓர் ஊர் மட்டும் விழித்திருப்பது போதாது. இது இரு சமூகங்களும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி.

தடுப்பதோடு நின்றுவிடலாகாது. பிரசித்தமான பந்தயக் களங்கள் மேற்கிலும் மலையகத்திலும் இருக்க, கரையோர இளைஞனுக்கு அவை எட்டாத தொலைவில் உள்ளன. நமது ஒடுங்கிய நிலத்தில் காபட் தடம் அமைப்பது எளிதன்று. எனினும் குடிமனைக்கு அப்பால் ஒரு மண் தடத்தில், உரிய அனுமதியுடனும் பயிற்றுநர், தடுப்பு, அம்புலன்ஸ் வசதியுடனும் வருடத்தில் ஓரிரு முறையேனும் போட்டி நடத்துவதை உள்ளூராட்சி மன்றங்களும் விளையாட்டுக் கழகங்களும் பரிசீலிக்கலாம். வண்டியைக் கட்டுப்படுத்தும் திறனைச் சோதிக்கும் மெதுவோட்டப் போட்டிக்கு ஊர் மைதானமே போதும்.

வேகத்தின் மீதான ஆசை இளமைக்கு இயல்பானது. அதற்கு ஓரிடம் வேண்டும். ஆனால் அந்த இடம், தராசும் கூடையுமாகச் சந்தையிலிருந்து வீடு திரும்பும் வியாபாரியும் தொழுகை முடிந்து வரும் முதியவரும் நடக்கும் வீதியன்று. அடுத்த நோன்பும் அடுத்த திருவிழாவும் வருமுன் இதனை ஊர்கள் தீர்மானித்துக்கொள்ளுமாயின், ஏதோ ஒரு வீட்டின் ஜனாஸாவையோ மரணச் சடங்கையோ தவிர்த்தவர்களாவோம்.