உஷார்! அம்பின் முனையை மட்டும் மாற்றாதீர்கள்

அக்டோபர் 1 அன்று மிச்சிகனில் மான் வேட்டைக்கான வில் சீசன் திறக்கிறது. விஸ்கான்சினில் செப்டம்பர் நடுவிலேயே ஆரம்பித்துவிடும். வேலைக்கு அமெரிக்கா போன இடத்தில், அலுவலக நண்பரோடு காட்டுக்குப் போய்ப் பழகி, உரிமம் எடுத்து, காம்பவுண்ட் வில்லும் வாங்கி வைத்திருக்கும் நம்மவர்கள் உண்டு. இந்த எச்சரிக்கை அவர்களுக்குத்தான். 'கனமான முனை போடு, மானைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போகும்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சீசனுக்கு முந்தின வாரம் 100 கிரெயின் முனையைக் கழற்றிவிட்டு 200 கிரெயின் முனையைத் திருகப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

திருகினால் பொருந்திவிடும். வினையே அதில்தான் இருக்கிறது. பெரும்பாலான வேட்டை அம்புகளில் மரை ஒரே அளவு. 85 கிரெயினும் ஏறும், 300 கிரெயினும் ஏறும். மரை ஏற்றுக்கொண்டது என்பதற்காக வில்லும் தண்டும் ஏற்றுக்கொள்ளும் என்று நினைத்துவிட வேண்டாம்.

(இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டை குற்றம். துப்பாக்கியானாலும் வில்லானாலும் ஒன்றுதான். இலக்குப் பலகையில் எய்பவர்களுக்கு இதில் பாதியாவது உதவும்.)

கிரெயின் என்பது பொடி அளவு. 7,000 கிரெயின் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. 100 கிரெயின் முனை ஆறரை கிராம்கூட இல்லை. 100க்கும் 125க்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல். 'இதற்கா இவ்வளவு கூச்சல்?' என்று தோன்றும். ஆனால் அந்த எடை உட்காரும் இடம் அம்பின் நுனி. அங்கே கூடும் ஒவ்வொரு கிராமும் பின்னால் இருக்கும் தண்டு முழுவதையும் பாதிக்கிறது.

எப்படி? விசையை விட்டதும் நாண் அம்பின் வாலைத் தள்ளுகிறது. நுனியில் இருக்கும் எடை உடனே நகர மறுக்கிறது. நடுவில் மாட்டிய தண்டு வளைகிறது. கனமான பீரோவை மெல்லிய மூங்கில் குச்சியால் தள்ளிப் பாருங்கள், குச்சிதான் வளையும். இந்த வளைவைத் தாங்கும் விறைப்பைத்தான் ஸ்பைன் என்கிறார்கள். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிடுவார்கள். 0.400 அங்குலம் தொய்ந்தால் 400 ஸ்பைன், 0.300 தொய்ந்தால் 300. எண் குறையக் குறைய விறைப்பு அதிகம். தண்டின் மேல் அச்சடித்திருக்கும் இந்த எண் மாறாது. ஆனால் முனை கனத்தால் அதே 400 தண்டு, நாண் தள்ளும் நேரத்தில் தன்னைவிட மெலிந்த தண்டைப்போல நெளிகிறது.

பயிற்சி முனையில், அதாவது ஃபீல்டு பாயின்டில், இந்தக் கோளாறு அவ்வளவாகத் தெரியாது. அம்பு வாலை ஆட்டிக்கொண்டு போனாலும் இறகுகள் சமாளித்துவிடும். வேட்டைக்காகப் பிராட்ஹெட் மாட்டினீர்களோ, தொலைந்தது! அதன் கத்திகள் முன்பக்கத்தில் இன்னொரு ஜோடி இறகுபோல வேலை செய்து, நெளியும் அம்பைத் தம் இஷ்டத்துக்கு இழுத்துப் போகும். 20 கஜத்தில் ஒரே இடத்தில் குத்திய அம்புகள் 30 கஜத்தில் சிதறும். தண்டு மிக மெலிந்ததாக இருந்தால் கார்பன் நொறுங்கி, அதன் சிராய்கள் வில்லைப் பிடித்த கையிலேயே பாயும் அபாயமும் இருக்கிறது. தயாரிப்பாளர்கள் வெளியிடும் ஸ்பைன் அட்டவணையில் வில்லின் இழுவிசை, அம்பின் நீளம், முனையின் எடை என மூன்றையும் கேட்பார்கள். முதல் இரண்டைப் பார்த்து வாங்கிவிட்டு மூன்றாவதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்தது குறி. 28 அங்குலத் தண்டு, முனையைத் திருகும் இன்சர்ட், இறகு, நாணைக் கவ்வும் நாக், 100 கிரெயின் முனை எல்லாம் சேர்ந்து அம்பு 395 கிரெயின், வேகம் நொடிக்கு 285 அடி என்று வைத்துக்கொள்வோம். 200 கிரெயின் முனை மாட்டினால் அம்பு 495 ஆகும், வேகம் 258 அடியை ஒட்டி இறங்கும். இரண்டிலும் ஆற்றல் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 71 அடி-பவுண்டு, 73 அடி-பவுண்டு. உந்தம் மட்டும் 13 சதவீதம்போலக் கூடுகிறது. உள்ளே பாயும் திறன் அதிகரிப்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டாலும், வில்லில் குறிபார்க்கும் பழைய பின்னை வைத்து எய்தால் 20 கஜத்தில் அம்பு 2 அங்குலம் தாழ்ந்து போகும். 40 கஜத்தில் ஏழரை அங்குலம்! வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறக்குறைய ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். அதன் நடுவுக்குக் குறிவைத்த அம்பு ஏழரை அங்குலம் இறங்கினால் மார்பெலும்பிலோ காலிலோ போய் விழும். மான் ஓடிவிடும். இரவெல்லாம் டார்ச் அடித்து ரத்தத் துளியைத் தேடினாலும் கிடைக்காது. அது எங்கோ ஒரு புதரில் இரண்டு நாள் கிடந்து சாகும். வில் வேட்டையில் இதைவிடக் கேவலம் இல்லை என்பேன்.

'அப்படியானால் லேசான முனையே போதும், வேகமாகப் போகட்டும்' என்று எதிர்ப்பக்கம் ஓடுகிறவர்கள் இன்னும் பெரிய வம்பை விலைக்கு வாங்குகிறார்கள். விளம்பரத்தில் போடும் ஐபிஓ (சர்வதேச வில்வேட்டை அமைப்பு) வேகம் 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுப்பு, 350 கிரெயின் அம்பு வைத்து அளப்பது. அதாவது பவுண்டுக்கு 5 கிரெயின். பல தயாரிப்பாளர்கள் இதற்குக் கீழே போகாதே என்று கையேட்டிலேயே எச்சரிக்கிறார்கள். மெல்லிய தண்டில் 85 கிரெயின் முனை மாட்டி மொத்தம் 300 கிரெயினில் நிறுத்தினால், 70 பவுண்டு வில்லுக்குப் பவுண்டுக்கு 4.3தான் வருகிறது. அம்பு வாங்கிக்கொள்ளாத விசையெல்லாம் வில்லுக்கே திரும்புகிறது. அம்பே இல்லாமல் வெறும் நாணை விடுவதற்கு அது பாதி வழி. வில்லின் கை பிளக்கலாம், அதன் நுனிச் சக்கரமான கேம் வளையலாம், நாண் அறுந்து முகத்தில் அடிக்கலாம். அலாஸ்காவில் மூஸ், எல்க், காட்டெருமை போன்றவற்றுக்கு அம்பின் மொத்த எடை 300 கிரெயினுக்குக் குறையக்கூடாது என்று சட்டமே இருக்கிறது.

வேகத்தால் மானை முந்திவிடலாம் என்ற எண்ணமும் பலிக்காது. ஒலி நொடிக்குச் சுமார் 1,100 அடி போகிறது. 30 கஜத்தில் நாணின் சத்தம் 0.08 நொடியில் மானின் காதில் விழுந்துவிடும். 285 அடி வேக அம்பு போய்ச் சேர 0.32 நொடி, 258 அடி வேக அம்புக்கு 0.35. இரண்டிலுமே கால் நொடி அளவுக்கு மானுக்கு அவகாசம் உண்டு. மிரண்டிருக்கும் மான் அதற்குள் உடலைத் தாழ்த்திவிடும். கனத்த அம்பில் வில்லின் சத்தமாவது குறையும்.

சரி, எதைத்தான் போடுவது? 60 முதல் 70 பவுண்டு காம்பவுண்ட் வில், வெள்ளைவால் மான் என்றால் 100 அல்லது 125 கிரெயின் முனை, மொத்த அம்பு 400 முதல் 480 கிரெயின். இதற்கு மேல் அலட்டிக்கொள்ளத் தேவையில்லை என்பது என் கட்சி. 40 பவுண்டு இழுப்பவர்கள், குறிப்பாகப் புதிதாகத் தொடங்கும் பிள்ளைகள், விரியும் கத்தி உள்ள முனைகளைத் தொடவே வேண்டாம். அது விரியவே கொஞ்சம் ஆற்றலைத் தின்னும். நிலையான இரண்டு கத்தி முனை போதும். 650 கிரெயின் என்ற எண்ணைப் பலர் வேதம்போல ஓதுகிறார்கள். அது அம்பு ஆய்வாளர் எட் ஆஷ்பி ஆப்பிரிக்காவில் பல்லாண்டு செய்த சோதனைகளின் வழியே, தடித்த எலும்பை உடைக்கும் எல்லையாகச் சொன்னது. ஒஹாயோ மானுக்கு அது ஏன்? நம் வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். அந்த அம்பின் எடையைப் புலவர் குறித்து வைக்கவில்லை!

முன்பார விகிதத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முனையோடு அம்பை விரலில் நிறுத்திச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். நாக் பள்ளத்திலிருந்து தண்டின் முடிவு வரை 28 அங்குலம் இருந்து, புள்ளி பதினேழரை அங்குலத்தில் விழுந்தால், அது நடுவைவிட மூன்றரை அங்குலம் முன்னே, அதாவது 12.5 சதவீதம். 10 முதல் 15க்குள் இருந்தால் கவலையில்லை. பித்தளை இன்சர்ட் போட்டிருந்தால் அதுவும் முன்பாரம்தான். முனையை மட்டும் கூட்டிக் கழித்துவிட்டு அதை மறந்துவிடாதீர்கள்.

வழக்கமாகக் கோட்டைவிடும் இன்னொரு இடம்: கோடை முழுக்க 100 கிரெயின் ஃபீல்டு பாயின்டில் பயிற்சி, காட்டுக்குப் போகும்போது 125 கிரெயின் பிராட்ஹெட். இரண்டும் ஒரே எடையில்தான் இருக்க வேண்டும். உறையில் போட்டிருக்கும் எண்ணை நம்பாமல் கிரெயின் தராசில் நிறுத்துப் பாருங்கள். முனை மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஒரு மாதம் முன்பே மாற்றி, காகிதச் சட்டத்தின் வழியே எய்து கிழிசலைப் பார்த்து, ஃபோம் இலக்கில் பிராட்ஹெட்டோடு எய்து, பின்களை மறுபடி குறித்துக்கொள்ளுங்கள். கொலராடோ, விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் முனையின் வெட்டும் அகலம் குறைந்தது 7/8 அங்குலம் இருக்க வேண்டும். உங்கள் மாநில விதிப் புத்தகத்தை அந்த ஆண்டுப் பதிப்பிலேயே பாருங்கள், விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

எய்து எடுத்த கார்பன் அம்பை அப்படியே திரும்ப நாணில் வைக்காதீர்கள். முகத்தை விட்டுத் தள்ளிப் பிடித்து, தண்டின் இரு கோடிகளையும் பற்றி லேசாக வளைத்து, கொஞ்சம் திருப்பி மறுபடி வளைத்து, சுற்றிலும் பாருங்கள். 'நெரிச்' என்று சத்தம் வந்தாலோ, விரலில் நெருடல் தட்டுப்பட்டாலோ, அங்கேயே இரண்டாக உடைத்துக் குப்பையில் போடுங்கள்.